அவிநாசி மண்டபத்தில் இரண்டு கேமராக்கள்

ஞாயிறு

இல்லை, சின்ன கேமராவே போதும் என்று இனி சொல்லமாட்டேன். இன்று அவிநாசியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படமெடுக்கப் போனேன். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்னதற்காக மணப்பெண்ணை அவள் அண்ணன் மண்டபத்து அறைக்குள் பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்தான். பாக்கெட் கேமராவில் எடுத்தேன்.

"பொம்மையை அப்புறம் வெச்சு வெளையாடுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தான். அவள் உதடு கிழிந்தது.

பழைய டிஎஸ்எல்ஆரை, அந்தப் பெரிய கேமராவை, தூக்கினேன். உடனே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தங்கையைத் தோளோடு அணைத்துச் சிரித்தான். இறக்கினால் மறுபடி அடிப்பான். நான் இறக்கவில்லை.

"ஏனுங்க, வெளிச்சம் இருக்கறப்பவே பொண்ணை மட்டும் வெளியில நிக்கவெச்சு எடுத்துக்கறனுங்க."

அவனே கதவைத் திறந்துவிட்டான். "நல்லாச் சிரி கண்ணு" என்றான் அவளிடம்.

தெருவில் ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றினேன். நானும் ஏறி, மகளிர் காவல் நிலையம் போகச் சொன்னேன்.