எத்தனை பஞ்சர் என்று கேட்டார்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஒத்துக்கொள்கிறேன், இன்று அகதி விசாரணையில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். அதிகாரி சின்னப் பெண், என் மகளைவிடப் பத்து வயசு மூத்திருப்பாள். என்ன தொழில் என்றாள். வெறும் பஞ்சர் கடை என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. "எங்க ஊர்ல எந்த வண்டியும் என் கையைத் தாண்டித்தான் ஓடும். துப்பாக்கிக்காரங்க ஜீப்பு உட்பட!" என்றேன். அதுவரை என் முகத்தைப் பார்த்தவள், அதற்கப்புறம் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்தாள்.

வெளியே மனைவி கேட்டாள்: "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களா?"

இருந்தேன் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த இயக்கம் பயங்கரவாதப் பட்டியல்ல இருக்கு. அவங்க வண்டியை ஓட வச்சா அது உதவி. உதவி செஞ்சா குற்றம். அப்புறம் அடைக்கலம் கஷ்டம்."

"மாட்டேன்னா சுட்டிருப்பாங்கம்மா."

"அதை நிரூபிக்கணும்."

"சுட்டிருந்தா நிரூபிச்சிருக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு வந்தது, இருமி மறைத்தார்.

மார்ச் 19, வியாழன்

மறுபடி விசாரணை. எத்தனை பஞ்சர் ஒட்டினீர்கள்? எண்ணவில்லை. உள்ளே என்ன இருந்தது? டயருக்குள்ளே காற்றுதான், மேடம். துப்பாக்கி எங்கே இருந்தது? சில நாள் என் கழுத்துப் பக்கம், சில நாள் ஜீப் சீட்டில்.

அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் இரண்டு தரம் கேட்டாள். அன்றெல்லாம் யாரும் மிரட்டவில்லையே, பின் ஏன் ஒட்டினீர்கள் என்று.

நேத்து கழுத்துல வச்சவன் இன்னிக்கு சீட்டுல வச்சா பயம் போயிடுமா? இதை அங்க சொல்லியிருக்கணும். வரல. வேண்டாதப்ப மட்டும் வருது இந்த வாய்.

ஏப்ரல் 27, திங்கள்

முடிவு வந்துவிட்டது. மனைவிக்கும் மகளுக்கும் அடைக்கலம். எனக்கு இல்லை.

ஒரே உறை, மூன்று கடிதம். மனைவி தன்னுடையதை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், ஏதோ திருடினவள் மாதிரி.

"அனுப்பினா நானும் கூட வந்துடறேங்க."

மகளைப் பார்த்தேன். அவளுக்கு இங்கே பள்ளிக்கூடம், இரண்டு சிநேகிதிகள்.

"நீயும் வந்தா உன் தொணதொணப்புலேர்ந்து எனக்கு யாருடி அடைக்கலம் குடுப்பா?"

மனைவி சிரிக்கவில்லை. நானும்தான்.

மே 29, வெள்ளி

மேல்முறையீடும் போச்சு.

ஜூன் 9, செவ்வாய்

திருப்பி அனுப்புகிற காகிதத்துக்குப் போட்டோ எடுத்தார்கள். கண்ணைத் திறந்து வையுங்கள் என்றார் போட்டோக்காரர். வைத்தேன். சரியாக அந்த நேரம் தும்மல் வந்தது. வாய் கோணி, கண் மூடி விழுந்திருக்கிறது. இன்னொன்று எடுக்கலாமா என்றேன். தேவையில்லை, ஆள் அடையாளம் தெரிகிறது என்றார்.