இந்த வருடம் யாரும் வர வேண்டாம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், இல்லையென்றால் இருக்கிறபடி எழுது, மறைக்காதே. இங்கே அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, என் முதுகுதான் இன்னும் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஈர விரிப்புகளை அள்ளி அள்ளிப் போட்ட முதுகு, வருடக் கடைசி விடுமுறைக்கு வீட்டிலும் பத்துப் பதினைந்து பேருக்குப் படுக்கை போட்டு, சமைத்து, கழுவிக் கவிழ்த்தால் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும். போன தடவை நீங்களெல்லாம் கிளம்பிய மறுநாள் குளியலறையில் குனிந்தவள் நிமிர முடியாமல் கிடந்தேனே, அப்போதே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வேலையைக் குறையுங்கள், உங்களையும் கொஞ்சம் கவனியுங்கள், இன்னொரு தடவை பிடித்தால் ஆபரேஷன்தான் என்று. அதனால்தான் இந்த வருடம் யாரும் வர வேண்டாம் என்று எல்லோருக்கும் போன் போட்டேன். சொல்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உன் அத்தை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பார்த்தால், அப்பாடா அண்ணி, இதை நீங்க எப்பவோ சொல்லியிருக்கலாம் என்கிறாள். உன் அண்ணி அன்று சாயங்காலமே கடற்கரைப் பக்கம் ரூம் பிடித்துவிட்டாள். ஒரு பேச்சுக்குக்கூட யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் அவர்களுக்காக இடுப்பொடிய வேலை செய்ய, அவர்கள் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துபோயிருக்கிறார்கள்.

அதுகூடப் போகட்டும். அப்பாவின் பட்டறை வேலையை விட்டுப் போனதிலிருந்து உன் அண்ணன் அவரோடு பேசுவதில்லை, அவரும் இறங்கி வருகிற ஆள் இல்லை. வருடத்தில் இந்த விடுமுறைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். அப்பா என்னைப் பார்த்து உப்பு எங்கே என்பார், நான் காதில் விழாத மாதிரி இருப்பேன், அண்ணன் எடுத்து நகர்த்தி வைப்பான். அவ்வளவுதான், அந்த உப்புக்காகத்தான் நான் அத்தனை பாத்திரம் கழுவினேன் என்று வைத்துக்கொள். முந்தாநாள் அவனுக்குப் போன் போட்டு, சமையல் எதுவும் வேண்டாம்டா, நீ மட்டும் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்றேன். நீங்கதானேம்மா ஓய்வு வேணும்னு சொன்னீங்க, எங்களை நினைச்சு அலட்டிக்காதீங்க என்றான், நிஜமான பாசத்தோடுதான் சொன்னான். இனி அடுத்த வருடம் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள், சும்மா இருப்பதன் சுகம் தெரிந்துவிட்டது. இன்றுதான் விடுமுறையின் முதல் நாள். காலையில் அப்பா பரணிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லையே என்றேன், தூசி படிஞ்சிருந்துது, அதான் என்றார். துடைத்து முடித்து மறுபடி மேலே ஏற்றிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மா சொன்னபடி தினமும் ஜன்னலோரம் அரைமணி நேரம் எனக்கென்று உட்காருகிறேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முதுகு தேறிவிடும் போலத்தான் இருக்கிறது, தேறி என்ன செய்யப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை. நீயாவது இந்த வயதிலேயே பழகிக்கொள். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடாதே, எல்லோருக்கும் பரிசு வாங்கி மூட்டை கட்டாதே, நின்றபடி சாப்பிடாதே, நன்றாகத் தூங்கு. கால் வெடிப்புக்குத் தைலம் தடவ மறக்காதே.

உன் மேல் எனக்கு வருத்தமில்லை குட்டி, அதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு விமானம் மாறி அலைந்து வர வேண்டாம் என்று நான் சொன்னதும், சரிம்மா என்பதற்கு முன்னால் நீ விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு இரு.

உன்
அம்மா