சொக்குவின் புளிக் கணக்கு

28.5.1996
காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அடிபம்பில் பிடித்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. வின்சி: இயற்பியல் 181, வேதியியல் 178, கணிதம் 109.

நூற்று ஒன்பது! முப்பத்து நான்கு வருடம் கணக்கு நடத்தியவள் மகளுக்கு. மறுகூட்டல் போட்டாலும் என்ன ஆகிவிடும்?

அவள் அழவில்லை. சாப்பிட்டுவிட்டு, துணி மடித்து வைத்தாள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

29.5
என் எண்ணம் இது. ஒரு வருடம் வீட்டில் இருந்து இம்ப்ரூவ்மெண்ட் எழுதட்டும். கணக்கு ஒன்று ஏறினால் இன்ஜினியரிங் கிடைக்கும். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்ததையே இவளுக்கும் சொன்னேன்: முதல் தோசை பிய்ந்து வந்தால் மாவைக் கொட்டிவிடுவோமா? கல்லைத் துடைத்துவிட்டு இன்னொன்று ஊற்றுவோம்.

"கல்லுல வேற யாராச்சும் ஊத்திட்டுப் போனா என்னம்மா பண்றது?" என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை.

31.5
சிட்டாள் ஆச்சி சென்னையிலிருந்து வந்திருக்கிறார், ஒரு கல்யாணத்துக்காக. இந்த வீடு அவர்களுடையது. முகப்பை ஒட்டிய இரண்டு அறைகளில் நானும் வின்சியும். அவள் அப்பா இறந்த வருடத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம். உள்கட்டு முழுக்கப் பூட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏகப்பன் வெள்ளிக்கிழமை மட்டும் வந்து, திறந்து, விளக்கேற்றிவிட்டுப் போவார்.

மார்க்கைக் கேட்டதும் ஆச்சி பதறவில்லை. எதிர்பார்த்தவர் மாதிரித் தலையாட்டினார். "திருப்பி எழுதட்டும் டீச்சர். எத்தனை வருசம் ஆனாலும் இருங்க. வாடகை பேச்சே வேண்டாம். போன படைப்புல எடுத்துக் குடுத்த பேனா பத்திரமா இருக்கில்ல?" என்று கேட்டார்.

இருக்கிறது. இவர்கள் வீட்டில் கல்யாணமாகாமல் இறந்துபோன ஒரு பெண்ணுக்குத் தை மாதம் படைப்பார்கள். அவளுக்கென்று ஒரு பேழை உண்டு. புதுச் சேலை, வளையல் எல்லாம் அதில் வைத்து மூடுவார்கள். போன வருடம் வைத்ததை வெளியே எடுத்து வீட்டில் உள்ள கன்னிப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். சேலையோடு ஒரு பேனாவும், அந்த வருடத்துக் கணக்குக் கேள்வித்தாளும் வைப்பது இந்த வீட்டு வழக்கம். கேள்வித்தாள் என்னிடம்தான் வாங்குவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், ஆனாலும் அன்போடு கொடுத்த பொருளை வேண்டாம் என்பானேன் என்று இந்தத் தையில் வின்சி வாங்கிக்கொண்டாள். மார்ச்சில் அந்தப் பேனாவால்தான் பரீட்சை எழுதினாள்.

3.6
திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து கார்டு. பி.எஸ்சி. கணிதம், ஹாஸ்டலோடு. 24ஆம் தேதிக்குள் சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

போகவா, இருந்து எழுதவா? "நீயே சொல்லும்மா" என்கிறாள். நான் இரு என்றால் இருந்துவிடுவாள். போய்விட்டால் இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி. அந்த நினைப்பும் என் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மறைக்க முடியவில்லை.

5.6
மதியம் வின்சி மனப்பாடம் செய்யும் முணுமுணுப்பு கேட்டது. காபி கலந்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் பூட்டிய கதவுக்கு அங்குட்டு.

6.6
புறாவாக இருக்கும்.

8.6
பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அனுமானம் எதற்கு? நானே பத்துக் கேள்வி எழுதினேன். பேனாவை மாற்றிக்கொள்ளட்டும் என்று என்னுடையதைக் கொடுத்தேன். வளவு முற்றத்தைப் பார்த்த சன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலை நிமிராமல் எழுதினாள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

தாளை வாங்கினேன். முதல் மூன்று கணக்கும் சரி. முத்து முத்தான எழுத்து. நான்காவது தொகையீடு. அங்கே —

நான் கொடுத்த கணக்கு இல்லை. புளி. ஒரு வீசைப் புளியில் பன்னிரண்டு பலம் கொட்டை. மூன்று மணங்குப் புளியில் கொட்டை நீக்கினால் மிச்சம் எவ்வளவு? கேள்வியையும் எழுதி, அதற்கு வழியும் எழுதியிருக்கிறாள்.

மணங்கு, வீசை, பலம் எல்லாம் நான் சின்னப் பிள்ளையில் படித்தது. வின்சி பிறந்தபோது கிலோ வந்து இருபது வருடம். எழுத்தும் அவளுடையது இல்லை. வலப்பக்கம் சாய்ந்து, 'லை'க்குப் பழைய தும்பிக்கை போட்டு. அந்த எழுத்தை இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

விடை எழுதவில்லை. கடைசி வரி வரைக்கும் வந்து, அங்கே நின்றிருக்கிறது. மற்ற ஆறு கேள்விகளையும் தொடவே இல்லை.

9.6
சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் கேட்டேன். மார்ச்சிலும் இதேதானா?

"ஆமாம்மா. பாதி வரைக்கும் நான் எழுதுவேன். பொறவு கை அதுபாட்டுக்குப் போகும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நம்புவியா? நீ கணக்கு டீச்சரு."

நம்பியிருக்க மாட்டேன்தான்.

11.6
மலையம்மாள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். நாங்கள் இருக்கும் இதே அறைகளில்தான் அவள் அப்பா முன்பு குடியிருந்தார். இந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை. முருங்கைக்கீரை கொண்டுவந்தவளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். உனக்கும் பேனா கொடுத்தார்களா?

கொடுத்தார்களாம். கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் போனதாம். திருப்பி எழுதினாள். போயிற்று. திருப்பியும் எழுதினாள்.

"புளி வந்துச்சா?" என்று கேட்டேன்.

கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னொருக்கா எழுது, இன்னொருக்கா எழுதுன்னு சொல்லிச் சொல்லித்தான் டீச்சர் நான் இங்குட்டே நின்னுட்டேன். எனக்கு நர்சு ஆகணும்னு இருந்துச்சு. புள்ளைய அனுப்பிவிட்ருங்க."

12.6
அனுப்பிவிடுகிறேன். முடிவு. வின்சியிடம் சொன்னேன். "நெசமாவாம்மா?" என்றாள். ரிசல்ட் வந்த பிறகு இன்றுதான் அழுதாள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இவளை அனுப்பிவிட்டால் ஆயிற்றா? அடுத்த தையில் பேனா வேறொரு பிள்ளை கைக்குப் போகும்.

14.6
ஆச்சி நாளை சென்னை திரும்புகிறார். கேட்காமல் விட மனம் வரவில்லை. அந்தப் பெண் யார்?

அவர் அக்காள். பெயர் சொக்கு. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு மட்டும் தவறிவிட்டது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பாஸ் பண்ணிவிட்டுத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று பிடிவாதம். பெற்ற அப்பச்சியும் சரி என்றாராம். திருப்பி எழுத இருந்த சமயத்தில் டைபாய்டு.

"ஒரே ஒரு கணக்குலதான் மார்க்கு போச்சாம். பரிச்சையில விடை வரல, வெளிய வந்ததும் வந்துருச்சு. காச்சல்ல கெடக்கையிலயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு எங்கக்கா. ரெண்டு மணங்கு முப்பத்திரண்டு பலம், ரெண்டு மணங்கு முப்பத்திரண்டு பலம்னு. என்னமோ புளிக் கணக்கு."

ஆச்சிக்கு நான் அந்தத் தாளைக் காட்டவே இல்லை.

"அதான் டீச்சர், வருசா வருசம் தாளு வைக்கிறோம். யாராச்சும் ஒரு புள்ள எழுதி முடிச்சுட்டா அது போயிரும்னு எங்க ஆத்தா சொல்லுவாக."

வின்சி இருக்கப்போவதில்லை என்று சொன்னேன். ஆச்சி முகம் சுருங்கிவிட்டது. கோபம் இல்லை அது. எத்தனையோ வருடமாக ஒரு பஸ்ஸுக்குக் காத்திருந்து, அதுவும் நிற்காமல் போனால் முகம் எப்படி ஆகும், அப்படி.

15.6
ராத்திரி முழுக்க யோசித்தது இது. ஒரு பிள்ளை பரீட்சை எழுதுகிறது என்றால் எதற்கு? எழுதுவதற்கா? இல்லை, ரிசல்ட்டுக்கு. இவர்கள் வருடம் தவறாமல் கேள்வித்தாள் கொடுத்தார்கள். யாராவது தாளைத் திருத்திக் கொடுத்தார்களா? அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டேதான் இருக்கும். வேறென்ன செய்யும்?

காலையில் ஆச்சி வண்டி வருவதற்குள் உள்கட்டைத் திறக்கச் சொன்னேன். பேழையைத் தொட வேண்டாம், வெளியே நின்றால் போதும். வின்சி எழுதிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டேன். சிவப்பு மைப் பேனா. ரிட்டயர் ஆனபின் அதைத் தொடவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். மூன்று மணங்குக்கு இருபத்து நான்கு வீசை: சரி. கொட்டை இருநூற்று எண்பத்தெட்டுப் பலம்: சரி. நாற்பது பலம் ஒரு வீசை என்று அதை மாற்றினால் ஏழு வீசை, எட்டுப் பலம்: சரி. கழித்தால் பதினாறு வீசை, முப்பத்திரண்டு பலம்: சரி. எட்டு வீசை ஒரு மணங்கு என்று மாற்றவில்லை. அந்த ஒரு படிதான்.

விடையைச் சொல்லிவிட்டுத்தானே செத்தாள். வாயால் சொன்னாலும் விடை விடைதான். வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன். விடையை நானே சிவப்பில் எழுதி, முழு மார்க் போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

பிறகு பேழை இருக்கும் அறைக் கதவுக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூட முற்றத்தில் ரிசல்ட் வாசிப்பது போல உரக்க வாசித்தேன். "சொக்கு. கணக்கு. பாஸ்."

ஒன்றும் நடக்கவில்லை. ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ஏகப்பன், தான் எதையும் பார்க்கவில்லை என்பது போலக் கூரையைப் பார்த்தார்.

கார் ஏறும்போது ஆச்சி கேட்டார்: "வர்ற தைக்கு தாளு வேண்டாமில்ல?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப என்ன டீச்சர் வைக்கணும்? பாஸ் பண்ணுன புள்ளைக்கு?"

எனக்கு வாயில் வந்தது, ஹாஸ்டலுக்கென்று வின்சிக்கு வாங்க நினைத்திருந்ததுதான். ஒரு வாளி, ஒரு பூட்டு, ஒரு போர்வை.

17.6
மதியம் சத்தம் இல்லை. புறாவும் இல்லை.

18.6
வின்சிக்கு இன்னொரு பரீட்சை வைத்தேன். பத்தும் அவள் எழுத்து. பத்தும் சரி. இப்போது இருந்து எழுதினால் இருநூறே வாங்குவாள். வாய்வரை வந்துவிட்டது, இருந்துவிடேன் என்று. அவள் டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

23.6
திருச்சி பஸ். திருப்பத்தூர் வரைக்கும் ஜன்னலோரம் வேண்டும் என்று அடம்பிடித்தவள் அப்புறம் தூங்கிவிட்டாள். விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒருத்தி போனால் ஒரு ஆள்தானே குறைய வேண்டும்? இந்த வீட்டில் இரண்டு பேர் குறைந்த மாதிரி இருக்கிறது.

14.7
ஞாயிறு. சாதிக் அலியின் எஸ்.டி.டி. பூத்துக்கு வின்சி பேசினாள். அவர் பையனை அனுப்பிக் கூப்பிட்டார்.

நன்றாக இருக்கிறாளாம். சாம்பார் மட்டும் தண்ணியாம். முதல் டெஸ்ட்டில் தொண்ணூற்றாறு. கை சரியாக இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ரூம்ல மூணு கட்டிலும்மா. நாங்க ரெண்டே பேருதான். மூணாவது யாருக்கும் குடுக்கலைங்கிறாக வார்டன். ஆனா கிளாஸ் முடிஞ்சு வந்து பாத்தா, யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி அந்தக் கட்டிலு சூடா இருக்கு."

"பயமா இருக்கா?"

"இல்லம்மா. நாம படிச்சா அதுவும் கூடப் படிக்கிற மாதிரி இருக்கு. என் பெட்டிய அதுல வச்சுக்கவா? கீழ எடம் பத்தல."

வெளியே சாதிக் அலி அடுத்த ஆளுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"வைக்காத வின்சி. அந்தப் புள்ள வீட்ட விட்டு இப்பத்தான் மொதத் தடவையா வெளியூருக்கு வந்துருக்கு."