வேன் நிறுத்த இடமுள்ள வீடு

4 நவம்பர் 1982, வியாழன்

மதியம் வரை வெயில். மூன்று மணிக்கு இடி, மழை. கொடியில் போட்ட புடவை மறுபடி நனைந்தது.

"ஓட்டத் தெரியாத டீச்சருக்கு வண்டி எதுக்கு?" போன மாதம் ப்ரோக்கர் வர்கீஸ் கேட்டது. வீடு வேண்டும், வேன் நிறுத்த முற்றமும் வேண்டும் என்று நான் சொன்னதற்கு. பேச்சை மாற்றினேன். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும்.

வேன் என் கணவருடையது. படகுப் பட்டறையில் மரவேலை செய்த கை. ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து மடக்குக் கட்டில், அடுப்புப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் திரை என்று எல்லாம் பொருத்தினார். மூன்று பயணம் போனோம். கன்னியாகுமரி, கொடைக்கானல், ராமேஸ்வரம். போன வருஷம் ஜூனில் அவர் காலமானார். அன்றிலிருந்து வேன் சுக்கு வியாபாரி சேட்டின் கிடங்கு முற்றத்தில்.

இன்று சேட் கூப்பிட்டனுப்பினார். டிசம்பரில் இஞ்சி காயப்போட முற்றம் முழுவதும் வேண்டுமாம். அதற்குள் எடுத்துவிட வேண்டும். நாற்காலி போட்டு, சாயா கொடுத்துச் சொன்னார். கோபப்படக்கூட இடம் வைக்கவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், புளி, அளவு நாடா.

7 ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம்.

மாலை 4, வேனில். தொட்டி நீரை வாரம் ஒரு முறை மாற்றாவிட்டால் துருப்பிடிக்கும் என்பார். இன்றும் மாற்றினேன். யாரும் குடிக்காத தண்ணீர், ஆறு குடம். பிறகு கட்டிலில் அரை மணி நேரம். திரைக்கு அப்பால் சுமை இறக்குகிறவர்களின் பேச்சு. "டீச்சர் அகத்துண்டு, பதுக்கெப் பற" என்று ஒருவர். நான் உள்ளே இருக்கிறேனாம், மெதுவாகப் பேசச் சொல்கிறார், கோயிலுக்கு வெளியே நிற்கிற மாதிரி.

களமசேரியிலிருந்து தம்பி சுந்தரம். வேனை விற்றுவிட்டு அவன் வீட்டு மாடிக்கு வந்துவிடச் சொல்கிறான். வேனை என்ன செய்ய என்றேன். "மாடிப்படியில ஏறுமான்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கக்கா" என்றான். இருவரும் சிரித்தோம். அவன் ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். அவனுக்காக அரைத்த சட்னி பாதி மீதம்.

10 புதன்

பார்த்த வீடுகள்:
சுள்ளிக்கல். நல்ல வீடு. முற்றத்தில் ஒரு சைக்கிள் நிற்கும், இரண்டாவது நிற்காது.
கூவப்பாடம். முற்றம் உண்டு. நட்ட நடுவில் கிணறு.
கலூர். இரண்டு வேன் நிற்கும். ஒரு முகமும் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.
பள்ளுருத்தி. ஐந்து சென்ட், இரண்டு அறை, கிழக்கே மணல் முற்றம். தென்னந்தோப்பு வழியாக எட்டடிப் பாதை.

வேன்: அகலம் 6 அடி, நீளம் 14, உயரம் 8. பள்ளுருத்தி முற்றத்தில் சாக்பொடியால் வேனின் வடிவத்தைக் கோடு போட்டு, அதைச் சுற்றி நடந்து பார்த்தேன். எட்டாம் வகுப்பில் பரப்பளவு இப்படித்தான் நடத்துவேன். கையால் தொட முடிகிற கணக்கு மறக்காது. பாதையை மூன்று இடத்தில் அளந்தேன். தென்னை ஓலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்றுகூடப் பார்த்தேன். வர்கீஸ் குடையைப் பிடித்துக்கொண்டு, "இனி வேனின்ட ஜாதகமும் நோக்கணோ டீச்சரே?" என்றார்.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வர்கீஸிடமே இரண்டாம் தடவை சொன்னேன்.

13 சனி

தப்பு. பெரிய தப்பு.

டிரைவர் ஆன்டணியை வைத்து வேனை ஒரு தடவை உள்ளே ஏற்றிப் பார்க்கப் போனோம். பாதை வாயிலில் ஒரு பெண் வந்து நின்றாள். ரோசிலி, தென்னந்தோப்புக்காரி. நாற்பது வயதிருக்கும். புருஷன் துபாயில். பாதி மலையாளம், பாதி எனக்காகத் தமிழ். "நடக்கலாம் டீச்சரே, எப்ப வேணும்னாலும் நடக்கலாம். வண்டி பற்றில்ல." வண்டி கூடாதாம்.

பாதை அவளுடைய மண். வீட்டை விற்கிறவருக்கு உள்ளது நடவழி மட்டும், நடந்துபோகிற உரிமை. இந்தப் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். நான் பிறந்தது முதல் மட்டாஞ்சேரித் தெருவில். கதவைத் திறந்தால் நகராட்சி ரோடு. வழிக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று தோன்றவே இல்லை. அகலம், நீளம், உயரம் மூன்றையும் அளந்தேன். யாருடையது என்று கேட்கவில்லை. கேள்வியை முழுதும் படிக்காமல் விடை எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

ஒரு வண்டி போய்வர ஆரம்பித்தால் நாளைக்கு அது வண்டிவழி என்று ஆகிவிடும். கேஸ் போட்டால் தோப்பு இரண்டாகும். அவள் பயம் நியாயம். நான் இருக்கும்வரை மட்டும் என்று எழுதித் தருவதாகச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"டீச்சருக்குப் பின்னால ஆரு?"

ஆன்டணி இஞ்சினை நிறுத்தினார். ஒருவரும் இல்லை என்றேன்.

17 புதன்

காலையில் மழை. ரோசிலி பஸ் ஏறி, விலாசம் கேட்டு, என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பை கப்பைக் கிழங்கு. சனிக்கிழமை கேட்டது தப்பாகிவிட்டது என்றாள். கட்டிலில் உட்கார்ந்து அவர் போட்டோவைப் பார்த்தாள். இந்த வீட்டில் இன்னொருவர் குரல் ஒரு மணி நேரம். கப்பை வேகும் வரை இருக்கச் சொன்னேன். இருந்தாள்.

போகும்போது சொன்னாள்: "ஒரு தடவை கேற்றிக்கோ. பின்னே வெளிய எடுக்கக் கூடாது. அங்கேயே நிக்கட்டும்."

ஒரு தடவை நுழைந்தது வழக்கமாகாது. போய்வந்தால்தான் உரிமை. அவளும் கணக்குப் போட்டிருக்கிறாள். என்னால் முடிந்ததைவிட நன்றாக.

கேட்டது கிடைத்தது. வேனுக்கு நிரந்தரமாக ஓர் இடம்.

21 ஞாயிறு

மாலை 4, வேனில். "இனி இது எங்கேயும் போகாது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பலகைச் சுவர் குரலை அப்படியே திருப்பித் தந்தது. அவர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். ராமேஸ்வரம் போனபோது, ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்கலாம் என்று நான் சொன்னதற்கே ஒப்புக்கொள்ளாதவர்.

இத்தனை நாளாக நான் தேடியது வேனுக்கு வீடு என்று நினைத்திருந்தேன். சக்கரம் வைத்த ஒரு சமாதிக்கு இடம் தேடியிருக்கிறேன். எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை.

27 சனி

வானம் தெளிவு.

காலையில் ஆன்டணி வேனை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கே விற்றது. வேளாங்கண்ணிக்கு வயதானவர்களைக் கூட்டிப்போவாராம். கட்டில் இருப்பது சௌகரியம். கட்டிலை எப்படி மடக்குவது, அடுப்புத் திரி எந்த அளவு, எல்லாம் காட்டிக்கொடுத்தேன். இரண்டு தடவை. "மனசிலாயி டீச்சரே" என்றார். மூன்றாம் தடவையும் காட்டினேன். தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் அடித்தார். என் கணவர் அடிக்கிற மாதிரி இல்லை.

சேட்டின் முற்றத்தில் எண்ணெய்க் கறை. அதன் மேல் பாய் விரித்து இஞ்சியைக் கொட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மதியம் பள்ளுருத்தி. வீடு வாங்குகிறேன், வேன் வராது, நான் மட்டும்தான் என்று ரோசிலியிடம் சொன்னேன். அவள் முகத்தில் நிம்மதியும் வெட்கமும். வழியை வேலி போட்டுக் குறுக்கிக்கொள்ளட்டுமா, எவ்வளவு விட வேண்டும் என்றாள்.

"எனக்கு இரண்டடி போதும்" என்றேன்.

மூன்றாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். மழைக்காலத்தில் குடை பிடிக்க வேண்டுமே.

இதை யார் படிக்கப் போகிறார்கள். இருந்தாலும் பாடம் முடிக்கிற பழக்கம்: வீடு பார்க்கப் போனால், அளவு நாடாவை எடுக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வழி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.