பலகைக் காந்தம்

ஜூன் 12, வியாழன்

கபரேத்தே வாழ் பெருமக்களுக்கும், கடலுக்கும், கடலில் குடியிருக்கும் சகல ஜீவராசிகளுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் இன்று காலை காலமானது. உதைத்துக் கொன்றவர் யுதெல்கா. இறுதிச் சடங்கில் ஒரு துருப்பிடித்த ஆணியும் அப்பாவின் நான்கு கெட்ட வார்த்தைகளும் கலந்துகொண்டன.

யுதெல்கா என்பது, போன வருடம் அப்பா மிலாக்ரோஸைக் கட்டிக்கொண்டபோது கூடவே வந்த இலவச இணைப்பு. அவளுக்குப் பதினேழு, எனக்குப் பதினைந்து. இருவருக்கும் ஒரே அறை, நடுவில் பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் எதிரி நாடு.

தாழ்ப்பாள் எல்லாம் சும்மா. உண்மையான சண்டை பலகைக்கு. மார்ச்சில் ஊருக்குக் கிளம்பிய ஒரு ஜெர்மன்காரன் பட்டம் இழுக்க அலைமேல் நின்று சறுக்குகிற தன் மஞ்சள் பலகையைக் கொடுத்து, "உங்க ரெண்டு பேருக்கும்" என்று சிரித்துவிட்டு விமானம் ஏறினான். வெடிகுண்டு வைத்துவிட்டுப் போகிறவன்கூட அவ்வளவு நிம்மதியாகச் சிரிக்க மாட்டான். பட்டத்துக்குப் பஞ்சமில்லை. பட்டச் சறுக்கு கற்றுத்தரும் பள்ளியில் பட்டங்களுக்குக் காற்றடித்துக் கொடுக்கிறோம், பழையதை எடுத்துக்கொள்ளலாம். காலுக்கடியில் வைக்கத்தான் ஒன்றே ஒன்று. ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவளுக்கு.

ஒருநாள் அது முழுக்க முழுக்க எனக்கே ஆகும். எப்படி என்றுதான் இன்னும் யோசிக்கவில்லை.

ஜூன் 14, சனி

அவள் முறை. பவளப்பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் எகிறிக் குதித்தாள், விழுந்தாள், பலகை காலிலிருந்து கழன்றது. நான் கரையில் கைதட்டினேன்.

பலகை கழன்றால் கதை இப்படி: காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், பலகை மட்டும் விழுந்த இடத்தில் மிதந்துகொண்டு வேடிக்கை பார்க்கும். கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே என்று நேராக அதனிடம் போகவே முடியாது, எதிர்க்காற்று. பலகையை மறந்துவிட்ட மாதிரி ஒரு பக்கமாக நெடுந்தூரம் இழுபட வேண்டும். ஒரு கையை முன்னால் நீட்டி, உடம்பைக் கத்தி மாதிரி சாய்த்துத் தண்ணீரை வெட்ட வேண்டும். பிறகு பட்டத்தைத் திருப்பி மறுபக்கம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வருகிற பக்கமாக மேலே ஏறலாம்.

அவள் இரண்டே திருப்பத்தில் பலகைக்கு மேலே போய், அதன்மீது வந்து இறங்கினாள். சகிக்கவில்லை.

"பாத்துக்கோ. டிக்கெட் கேக்க மாட்டேன்" என்றாள் கரைக்கு வந்து.

"இதெல்லாம் ஒரு வித்தையா? நான் தூங்கிக்கிட்டே பண்ணுவேன்."

"நீ தூங்கிக்கிட்டுதான்டா பண்ணுற. போன வாரம் நீ தண்ணில இழுபட்டதப் பாத்துட்டு ஒரு சுற்றுலாக்காரி பெலிக்கன் செத்துடுச்சுன்னு அழுதா."

ஜூன் 15, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

என் முறை. பலகை கழன்றது. கையை நீட்டினேன், சாய்ந்தேன், எல்லாம் செய்தேன். ஆனால் கண் பலகையை விட்டு நகர மறுக்கிறதே! நேராக அதை நோக்கியே போனேன். போகப் போக அது தள்ளிப் போனது. கடைசியில் காற்று என்னைக் கொண்டுபோய் மடையர் கரையில் துப்பியது.

மடையர் கரை என்பது எங்கள் கரைக்கு மேற்கே, காற்று தன் குப்பையைக் கொட்டுகிற இடம். அங்கிருந்து பட்டத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கையில் பலகை இல்லாமல் ஒருவன் நடந்து வந்தால், வழியில் இருக்கிற அத்தனை பேரும் கையில் இருப்பதைத் தட்ட வேண்டும். பீர் பாட்டில், தட்டு, டொமினோ மேசை, எதுவானாலும். இன்று தட்டியவர்களில் மிலாக்ரோஸும் உண்டு. கடற்கரையில் ரொட்டி பொரித்து விற்கிற அந்தப் பெரிய வாணலியையே தட்டினாள். பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் மூடியை மட்டும் தட்டியிருப்பாள்.

பட்டம் விடப் போனவனுக்கு மடையன் பட்டம். பலகையை யுதெல்கா எடுத்து வைத்திருந்தாள்.

இரவு சாப்பாட்டில் போர். "தொலைச்சவனுக்கு எதுக்கு பங்கு?" என்று அவள். "ஜெர்மன்காரன் எங்கிட்டதான் முதல்ல குடுத்தான்" என்று நான். மிலாக்ரோஸ் கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. இனிமே எவன் பலகைய கடல்ல விட்டுட்டு கைய வீசிக்கிட்டு வர்றானோ, எவ வர்றாளோ, அவங்களுக்கு பலகை கிடையாது. அது மத்தவங்களுக்கு. அவ்வளவுதான்."

அப்பா தலையாட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

ஆக, இன்னும் ஒரே ஒரு தடவை நான் தொலைத்தால் பலகை அவளுக்கு.

ஜூன் 16, திங்கள்

கரையில் அழுகிக் கிடக்கும் பாசியை ஒரு கைப்பிடி எடுத்து, பட்டத்தை மாட்டுகிற அவள் இடுப்புவாருக்குள் திணித்துத் தைத்துவிட்டேன். வாசனை நாளைக்குத்தான் முற்றும். பொறுமை.

ஜூன் 17, செவ்வாய்

அதே பாசி. என் தலையணைக்குள். தையல் என்னுடையதைவிட நேர்த்தி.

ஜூன் 18, புதன்

மூளை என்றால் இதுதான் மூளை!

பெரிய மீனுக்குப் போடுகிற தூண்டில் நரம்பு. கண்ணாடி மாதிரி, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. ஒரு முனை பலகையின் கைப்பிடியில், மறுமுனை என் இடுப்புவாரில். பலகை கழன்றால் என்ன? கமுக்கமாக இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி வரும்.

கயிறு கட்டக் கூடாது என்று கரையில் சட்டம். பட்டங்களை ஏற்றி இறக்குகிற ராதமேஸ், பலகையில் கயிறு கண்டால் பேசமாட்டான், கத்தியை எடுத்து அறுத்துவிடுவான். "பலகைய கட்டிப் போட்டா அது கடிக்கும்" என்பான். இது கயிறு இல்லையே. நரம்பு. சட்டத்தில் நரம்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

வெற்றி! வெற்றி! வேண்டுமென்றே மூன்று தடவை விழுந்தேன். மூன்று தடவையும் சும்மா இப்படியும் அப்படியும் கொஞ்சம் இழுபடுவது போல நடித்து, தண்ணீருக்கடியில் கையைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தேன். பலகை மிதந்து வந்து மடியில் உட்கார்ந்தது. கரையில் இருந்த பயல்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் புதுப் பெயர்: காந்தம்.

"காந்தமாம்" என்றாள் யுதெல்கா. "காந்தலா இருக்கும். அடிப்பிடிச்ச மூஞ்சி."

சட்டியின் அடியில் பிடித்த சோற்றுக் காந்தலுக்கு எங்கள் வீட்டில் தினமும் அடிதடி. இன்று மிலாக்ரோஸ் அதைச் சுரண்டி என் தட்டில் வைத்தாள். யுதெல்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு துண்டாக, சத்தம் வர மென்றேன்.

ஜூன் 21, சனி

புருவத்துக்கு மேலே தையல் போட்டிருக்கிறார்கள். நோட்டு இரண்டாகத் தெரிகிறது. இருந்தாலும் வரலாறு பதிவாக வேண்டும்.

பாறைத் திட்டுக்கு வெளியே, ஆளில்லாத கடலில், மூர்க்கமான காற்றில், பலகை கழன்றது. பவளப்பாறையில் தலை மோதி ரத்தம் கொட்டியது. இந்த நெயுரி அஞ்சினானா? இல்லை. ஒரு கையை நீட்டி, உடம்பைக் கத்தியாக்கி, திருப்பத்துக்கு மேல் திருப்பம் போட்டு, பலகையோடு கரையேறினான். தனி ஒருவனாக. ஒருவரும் பாட்டிலைத் தட்டவில்லை. பயல்கள் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், நான்தான் மயக்கம் வருகிறது என்றேன்.

இன்றும் காந்தல் எனக்கே. யுதெல்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேலிகூட இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

திட்டினால்கூடத் தேவலை.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? சொன்னால் பலகை அவளுக்கு. ஒரே வார்த்தை. ஏன்?

ஜூன் 24, செவ்வாய்

பட்டப் பள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் யுதெல்காவை மடக்கினேன். அவள் பட்டம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இன்னும் சொல்லல? என்ன பிளான் வச்சிருக்க?"

"உன்னைய வச்சு பிளான் போடற அளவுக்கு நான் வெட்டியா இல்ல."

"பிச்சை போடறியா?"

எழுந்தாள். நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். வைக்கவில்லை என்று எழுதலாம், வைத்தேன்.

"கேளுடா. நரம்பு கட்டி மண்டைய உடைச்சுக்கிட்டன்னு தெரிஞ்சா ராதமேஸ் ரெண்டு பேரையும் கரைல ஏத்த மாட்டான். அம்மா பலகைய விறகாக்கிடுவா. எனக்கு பலகை வேணும். அதுக்குத்தான் உன் கதைக்கு வாய மூடிக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு நான் தண்ணில இறங்கினதே பலகைக்குத்தான். வழில நீ கெடந்த. அவ்வளவுதான். போ."

"நானும் ஒண்ணும் உன்னைய கூப்பிடல."

"கூப்பிடற நிலமைல இருந்தியா நீ?"

அவள் மீது மண்ணை வாரி எறிந்தேன். காற்று அதை அப்படியே திருப்பி என் வாயில் போட்டது. காற்றும் அந்தப் பக்கம்தான்.

ஜூன் 26, வியாழன்

ராதமேஸ் கூப்பிட்டான். கழுத்தில் எப்போதும் தொங்குகிற தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன காந்தம், கதை எல்லாம் எப்படிப் போகுது?"

"எந்தக் கதைண்ணே?"

"தனி ஒருவன் கதை. எவ்வளவு தூரம் போவன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நேத்து சுறா வேற வந்துச்சாமே?"

(சுறாவை நேற்றுதான் சேர்த்திருந்தேன்.)

"நான் படக எடுக்க ஓடினேன்டா அன்னைக்கு. அதுக்குள்ள உன் அக்கா பட்டத்தோட பாஞ்சிருச்சு, காலுக்கு பலகைகூட இல்லாம. பலகை அது பக்கத்துலேயே மிதந்துச்சு. கைய நீட்டியிருந்தா கிடைச்சிருக்கும். திரும்பிக்கூட பாக்கல, நேரா உங்கிட்ட வந்துச்சு. உன் தலைய தண்ணிக்கு மேல புடிச்சிட்டு, நீ கண்ணு முழிச்சப்புறம்தான் பலகைக்குப் போச்சு. அதுவும் ஒரு கையில பட்டம், இன்னொரு கையில நீ."

"அவ அக்கா இல்லண்ணே" என்றேன். 

"பின்ன யாரு, காந்தத்தோட தென்துருவமா?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு புருவத்தைக் காட்டி, "பாறைக்கு எதுக்குடா இவ்வளவு நேர் விளிம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வழியில் நான் கிடந்தேனாம். பொய் சொல்வதிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. இதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சாப்பிடும்போது மிலாக்ரோஸ் காந்தலைச் சுரண்டி என் தட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"வேணாம் சின்னம்மா. பாறை இல்ல" என்றேன்.

"என்ன பாறை இல்ல?"

"தலைல அடிச்சது. பாறை இல்ல. பலகை. நான் அத தூண்டில் நரம்புல கட்டியிருந்தேன்."

அப்பாகூடத் தலையாட்டவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் விழுந்ததும், பட்டம் என்னை ஒரு பக்கம் இழுத்ததும், பலகை அலையில் மாட்டிக்கொண்டு நரம்பு ரப்பர் மாதிரி நீண்டதும், பிறகு பலகை பறந்து வந்ததும். முடிச்சு அவிழ்ந்து பலகை போனதும், நரம்பு என் காலைச் சுற்றிக்கொண்டதும், யுதெல்கா வந்து அறுத்ததும். அவள் பட்டத்திலேயே என்னை இழுத்துவந்து, ஆள் பார்க்காத பாறை மறைவில் இறக்கி, பலகையை என் கக்கத்தில் செருகி, "பாறைல மோதினேன்னு சொல்லு, நடந்து போ" என்றதும். சொன்ன வேகத்தில், குளியலறைத் தாழ்ப்பாளை உடைத்தது நான்தான் என்பதும் வெளியே வந்துவிட்டது.

"அதுவும் நீயா?" என்றார் அப்பா. நரம்பைவிட அது அவருக்கு அதிக வலியாக இருந்தது போல.

மிலாக்ரோஸ் முதலில் என் தலையைப் பிடித்துத் தையலைப் பார்த்தாள். பிறகு அந்தத் தலையிலேயே ஒன்று வைத்தாள். பலகை யுதெல்காவுக்கு. காந்தலும் யுதெல்காவுக்கு. கரையில் கால் வைப்பதென்றால் ராதமேஸிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

யுதெல்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "லூசு" என்றாள். "மொத்தத்தையும் கெடுத்துட்டான் லூசு."

ஜூலை 2, புதன்

ராதமேஸ் தீர்ப்பு: பலகையைத் தொடக் கூடாது. வெறும் பட்டத்தோடு தினமும் தண்ணீரில் இழுபட வேண்டும், மடையர் கரைக்குப் போகாமல் திரும்பி வருகிறவரை. இதுவரை எல்லா நாளும் மடையர் கரைதான். பாட்டில் தட்டித் தட்டிப் பயல்களுக்கே கை வலிக்கிறதாம்.

யுதெல்கா பலகையில் என்னைச் சுற்றிச் சுற்றிப் போய் முகத்தில் தண்ணீர் அடிக்கிறாள். "பலகைய தேடாதடா! கைய நீட்டு! கைய! அது கையா, சேமியாவா?"

அவளை வெறுக்கிறேன். கை கொஞ்சம் நேராகிவிட்டது.

ஜூலை 9, புதன்

எல்லோரும் அறிக! இன்று மதியம், நல்ல காற்றில், யுதெல்காவின் காலிலிருந்து பலகை கழன்றது. அவள் பக்கத்து மணல் மேட்டில், இடுப்பளவுத் தண்ணீரில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஹாயாக நின்றாள். "டேய் காந்தம்! எடு பாக்கலாம்!" என்று கத்தினாள். நான் எடுத்தேன். நரம்பில்லாமல், நடிப்பில்லாமல், இரண்டே திருப்பத்தில். கரையே பார்த்தது. மிலாக்ரோஸ் வாணலியைத் தட்டப் போனவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நாளையிலிருந்து மறுபடி ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவளுக்கு.

இரவு காந்தலைச் சரிபாதியாக உடைத்தாள். பெரிய பாதியை அவளே எடுத்துக்கொண்டாள்.

சரி. இரண்டு திருப்பம் இல்லை. ஒன்பதோ பத்தோ. எண்ணுவதை விட்டுவிட்டேன். அதிலும் கடைசித் திருப்பத்தில் நான் பலகையை எட்டாமல் காற்றின் போக்கில் கீழேதான் போய்க்கொண்டிருந்தேன், இன்னொரு மடையர் கரை. பலகை தானாக என் பக்கம் வந்தது. காந்தம் எல்லாம் ஒன்றும் இல்லை. மணல் மேட்டை ஒட்டி மிதந்த அதை யுதெல்கா தண்ணீருக்கடியில் காலால் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு வானத்தில் பட்டத்தைப் பார்ப்பது போல நின்றாள்.

நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.