அம்மாவுக்கு இது கடைசி செமஸ்டர்

சங்கரன்கோவில்,
17-1-2026, சனிக்கிழமை.

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை மாரிக்கண்ணன், அனுக்குட்டி, உன் மாமியார் பேச்சித்தாய் மதினி எல்லோரும் அந்தப் பனியிலும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பொங்கல் லீவு என்பதால் இன்றைக்குத் திருநெல்வேலியில் வகுப்பு கிடையாது, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. போன வாரம் நீ கேட்டாயே, மார்ச்சில் மதினி ஊருக்குத் திரும்பியதும் நான் கால்கரிக்கு வந்து ஆறு மாதம் அனுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, அதற்குப் பதில்தான் இது. மார்ச்சில் என்னால் வர முடியாது மக்கா. பதறாதே, கோபப்படாதே, முழுவதையும் வாசி.

"இந்த வயசுல படிச்சு என்னம்மா பண்ணப் போறே, ஒரு செமஸ்டர விட்டுட்டு பொறவு எழுதிக்கிடலாம்லா" என்று நீ சொன்னது எனக்கு வலித்தது. மனசிலேயே வைத்திருந்தால் புழுங்கும், அதனால் சொல்லிவிட்டேன். உன்னையும் குற்றம் சொல்ல முடியாது, நான் திருநெல்வேலிக்குப் போய் என்ன படிக்கிறேன் என்று உனக்கு உருப்படியாகச் சொன்னதே இல்லை. ஊருக்கும் தெரியவில்லை. எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்று உங்க அப்பா சொந்த ஊரான ராயகிரியில் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தார். அங்கே எக்சிகியூட்டிவ் என்றால் பேரூராட்சி எக்சிகியூட்டிவ் ஆபீசர்தானே, ஆளாளுக்குப் பேசிப் பேசி என்னை இ.ஓ. ஆக்கிவிட்டார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் அங்கேயிருந்து உன் ராமசுப்பு சித்தப்பா, தெருக்காரர்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்ட மனுவோடு வந்து நிற்கிறார். "மதினி, நீங்க சார்ஜ் எடுத்ததும் மொத வேலையா எங்க தெரு வாறுகாலப் பாருங்க, சாக்கடத் தண்ணி நாத்தம் தாங்கல" என்கிறார். வேலையில் இருக்கிறவர்கள் சனி, ஞாயிறு போய்ப் படிக்கிற படிப்பு இது, பதவி இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "சரி சரி, இப்பமே வெளிய சொல்லக் கூடாது போல" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, மனுவை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உங்க அப்பா அதைப் பத்திரமாக எடுத்து பைலில் போட்டிருக்கிறார், அவருக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருக்கிறதோ என்னவோ.

நான் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. இப்போது பதினோரு வருஷமாக நிர்வாகத்துக்கு இன்சார்ஜ். அதற்குள் மேனேஜர் என்று மூன்று பேர் வந்தார்கள், போனார்கள். மூன்று பேருக்கும் எந்த அறை எங்கே இருக்கிறது என்பதில் ஆரம்பித்து எல்லாம் சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த நாற்காலி மட்டும் எம்.பி.ஏ. இல்லாததால் எனக்கு இல்லை. அந்த ரோஷத்தில்தான் சேர்ந்தேன், சேர்ந்த பிறகு ரோஷம் போய் ருசி வந்துவிட்டது. மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம் என்று நினைத்திருந்தேன், வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று உற்றுக் கவனிக்கிற பாடமாம் அது. ஆர்கனைசேஷனல் பிஹேவியர் என்று ஒன்று, ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் ஏன் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள் என்று படிப்பது. நர்ஸ்களும் லேப்காரர்களும் மல்லுக்கு நிற்காத நாள் உண்டா, அதில் வகுப்பிலேயே நான்தான் முதல். பைனான்ஸில் அரியர். ஆமாட்டி, அரியர்தான், சிரிக்காதே. இன்ஜினியரிங் படிக்கும்போது உனக்கு ஒரு அரியர் விழுந்ததற்கு மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அது தப்பு. இப்போதுதான் தெரிகிறது, படித்தும் வராமல் போகும் என்று. அந்தப் பேப்பரையும் ஜூனில் சேர்த்து எழுதுகிறேன்.

ஆபரேஷன்ஸ் என்று ஒரு பேப்பர் இருக்கிறது என்றதும் உங்க அப்பா, "ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயும் உன்னைய விடுவாங்களா" என்று கேட்டார். அது இல்லை, ஒரு வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று அளந்து பார்க்கிற பாடம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு திருவேங்கடம் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் முந்தின நாளே போனில் டோக்கன் போட்டுவிட்டு, பத்து மணிக்கு ஆடி அசைந்து வந்து முதலில் உள்ளே போகிறார்கள். இத்தனை வருஷமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கூட்டம் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். கடைசி செமஸ்டரில் அவரவர் வேலை பார்க்கிற இடத்திலேயே ஒன்றை மாற்றிக் காட்டி புராஜெக்ட் எழுத வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தனி டோக்கன் என்று நான் இதைத்தான் எடுத்திருக்கிறேன். பிப்ரவரி முதல் மே வரை தினமும் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று குறிக்க வேண்டும், நான் இல்லாவிட்டால் அது நடக்காது. டிசம்பரில் ஒரு வாரம் செய்து பார்த்தோம். மூட்டுவலிக்கு வருகிற ஒரு திருவேங்கடத்து அம்மா பதினொரு மணிக்கே மருந்துப் பையோடு வெளியே வந்து, "இன்னைக்கு வீட்டுல போயி சோறு திங்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். எனக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷம்.

இப்போது முக்கியமானதைச் சொல்லுகிறேன். நெகோசியேஷன், அதாவது பேசி முடிக்கிறது, அதற்கும் ஒரு பேப்பர் உண்டு. என் பக்கத்தில் உட்காருகிற ஆயிஷா சித்திகா பேங்கில் ஆபீசர், உன் வயசுதான். அவள் மருந்து சப்ளை செய்கிறவள், நான் வாங்குகிற ஆஸ்பத்திரி, அப்படி நடித்துப் பதினைந்து நிமிஷத்தில் பேசி முடியுங்கள் என்றார் பாடம் எடுக்கிற சார். அவள் பத்து நாள் தாமதமாகத்தான் சரக்கு வரும் என்றாள், சரி என்றேன். வண்டி நீங்களே அனுப்ப வேண்டும் என்றாள், பிள்ளை பாவம் என்று அதற்கும் சரி என்றேன். நாலு நிமிஷத்தில் முடிந்துபோனது. சார் என்னைப் பார்த்து, "மேடம், அவங்களுக்கு உண்மையில என்ன தேவைன்னு நீங்க ஒரு கேள்விகூட கேக்கலியே, உங்களுக்கு என்ன வேணும்னும் சொல்லலியே" என்றார். "கேட்டா குடுக்கதுதான சார் மொறை" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ் தேவர்குளம் தாண்டியும் அது மனசை விட்டுப் போகவில்லை. ஐம்பது வயது வரை யாரிடமும் ஒரு தடவைகூட, கொஞ்சம் பொறுங்கள், எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னதில்லை. அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா தலைவலி என்று நினைத்துத் தைலத்தை நீட்டினார், அதையும் சரி என்று வாங்கித் தேய்த்துக்கொண்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ வேலைக்குத் திரும்புவது மார்ச் பதினாறு. குழந்தைகள் காப்பகத்தில் மே பதினொன்றில் இடம் கிடைக்கும் என்று நீதான் சொன்னாய். எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு வாரம். உங்கள் ஊரில் அப்பாமாருக்கும் பிள்ளை பார்க்க எட்டு வாரம் லீவு உண்டு, மாப்பிள்ளை கேட்கக் கூச்சப்படுகிறார் என்று சொன்னவளும் நீதான். நீ கேட்டது ஆறு மாதம், உனக்குத் தேவை எட்டு வாரம், அது உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே மக்கா. மாமியார் என்ன சொல்வாரோ என்று யோசிக்காதே, நேற்று நானே மதினியிடம் போனில் கேட்டுவிட்டேன். "அவம் பிள்ளைய அவன் தூக்கதுக்கு என்ன கூச்சமாம், நான் போறதுக்குள்ள குளிப்பாட்டப் பழக்கிட்டுத்தான் போவேன்" என்றார். எனக்கு ஜூன் இருபதில் பரீட்சை முடிகிறது. ஜூலை ஐந்துக்கு டிக்கெட் போடு, மூன்று மாதம் இருந்து அனுவை ஆசை தீரக் கொஞ்சிவிட்டு வருவேன்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறாண்டு நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும். வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே, பால் கொடுக்கிற உடம்பு. இதை அப்பா பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து அனுப்புவார். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன வாரம் மூன்று தடவை வாயெடுத்தேன், நீ "எம்மா" என்று கூப்பிட்டதும் மூன்று தடவையும் "வாரேன் மக்கா" என்றுதான் தொண்டை வரைக்கும் வந்தது. அதனால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இதை வாசித்ததும் உடனே போன் போடாதே. ரெண்டு நாள் போகட்டும். இன்றைக்கே உன் குரலைக் கேட்டால் நான் மார்ச்சிலேயே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. கோமதித்தாய்,
எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு.