மாமனார் வீட்டில் படித்தது

ஜூன் 9, திங்கள்
கச்சிராயபாளையம். சென்னையில் வேலை போய், மனைவி மலர்விழியின் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. இத்தனை வருடமாக மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பிழை சொல்வதுதான் என் வேலை. அதை இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். நிரல் எழுதத் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால் முப்பத்தைந்து வயதில் உட்கார்ந்து ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற நிரல் எழுதும் முறையைப் படிக்கிறேன்.

மாமனார் சுப்புராயன், "லீவு எத்தினி நாளு மாப்ள?" என்று கேட்டார். மலர் முந்திக்கொண்டு, ஜாஸ்தி நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

ஜூன் 17
ஒரு பெயருக்கு ஒருமுறை கொடுத்த மதிப்பை அப்புறம் மாற்றக்கூடாதாம். மாற்றாமல் ஒரு பட்டியலில் உள்ள எண்களை எப்படிக் கூட்டுவது? பகல் முழுக்க முட்டிக்கொண்டேன். ஏறவில்லை.

ஜூன் 26
இன்றைய பாடம், தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன், அதாவது நிரல் துண்டு. எழுதினேன். ஓட்டினால் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பிழை. திரும்ப எழுதினேன். அதே பிழை.

ஜூலை 4
கூடத்தில் மலர், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். கணிதம் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை. எட்டி என் லேப்டாப் திரையைப் பார்த்தாள்.

"எங்க நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியே. பட்டியல்ல ஒண்ணுமே இல்லன்னா சைபர்னு சொல்லுங்க. இல்லன்னா மொத எண்ண, மீதியோட கூட்டுத்தொகைல சேத்துக்கோங்க. எதையும் மாத்த வேணாம்."

எழுதினேன். ஓடியது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "அடுப்பப் பாரு" என்றேன்.

ஜூலை 13
காலையில் பாட வீடியோவைத் திறந்தால், நான் விட்ட இடத்தைத் தாண்டி மூன்று பாடம் போயிருக்கிறது. ராத்திரி மலர் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 2
கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி ஆள் எடுக்கிறது. முதலில் ஆன்லைன் தேர்வு. நீயும் எழுது என்று நான்தான் மலரிடம் சொன்னேன். விளையாட்டாகவா? துணைக்கா?

ஆகஸ்ட் 11
மலருக்கு நேர்முகம். எனக்கு 'வருந்துகிறோம்'.

ஆகஸ்ட் 12
நான் இன்னா பண்ணுவேன்? இத்தினி வருசம் இதே தொழில்ல கிடந்தவன் நான். அவ உட்காந்து ரெண்டு மாசம்கூட ஆவல—

"வேணாம்னா சொல்லுங்க, நான் போவல" என்றாள் மலர். வேணாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாய்க்கால் பக்கம் போனேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாமனார், மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். லீவைப் பற்றி அவர் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. என் வேலை போனது எப்போதிருந்து தெரியும் அவருக்கு?

வெயில் தாழும்வரை மடை திருப்பினேன். அதையும் சரியாகச் செய்யவில்லை; ஒரு வரப்பு உடைந்தது. வீட்டுக்கு வந்து, நேர்முகம் என்றைக்கு என்று மலரிடம் கேட்டேன்.

ஆகஸ்ட் 20
இன்னொரு தேர்வு. பாதியிலேயே மூடிவிட்டேன்.

செப்டம்பர் 3
மலர் இன்று வேலையில் சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் இங்கிருந்தே செய்யலாமாம். லேப்டாப்பில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். அவள் புதுக் கடவுச்சொல் அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க பாடத்த போன்ல பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் கிளம்பினேன்.